ஊர்ப் பள்ளிகளின் வரலாற்றைச் சென்னையிலிருந்து தொகுத்து எழுதுவது எப்படி?

கிராமத்துப் பள்ளியில் படித்து, வேலைக்காகச் சென்னைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட பலருக்கும், தாங்கள் படித்த பள்ளியின் வரலாற்றை யாரேனும் எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. நூற்றாண்டு விழா நெருங்கும்போது அந்த எண்ணம் அவசரமாக மாறி, வாழ்த்துச் செய்திகளும் நன்கொடையாளர் படங்களும் நிறைந்த ஒரு விழா மலராக முடிந்துபோகிறது. அந்த மலரில் பள்ளி எப்போது, யாருடைய நிலத்தில், எந்தப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது, யார் அதற்குள் வர முடியாமல் வெளியில் நின்றார்கள் என்ற செய்திகள் அநேகமாக இருப்பதில்லை. வந்தவாசிப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியையும் அதைச் சுற்றியுள்ள ஐந்து தொடக்கப் பள்ளிகளையும் பற்றி மூன்று ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் தகவல் திரட்டியவன் என்ற முறையில், இந்த வேலையைச் செய்ய விரும்புகிறவர்களுக்குப் பயன்படும் வழிமுறைகளை இங்கே எழுதுகிறேன். வாரநாளில் கிடைக்கும் ஓரிரு மணி நேரத்தைச் சென்னையின் நூலகங்களிலும் வார இறுதியை ஊரிலும் செலவிட முடிந்தால் இதை யாரும் செய்யலாம்.

எல்லையை முதலில் வகுத்துக்கொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் ஒரு கிராமத்துப் பள்ளி ஒரே நேரத்தில் பல வரைபடங்களுக்குள் இருக்கிறது. வருவாய்த் துறைக்கு அது ஒரு வட்டத்தில் இருக்கிறது. ஊரக வளர்ச்சித் துறைக்கு ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு கல்வி மாவட்டத்தில் இருக்கிறது. இந்த எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. வந்தவாசி வட்டத்தையே எடுத்துக்கொண்டால், அதற்குள் வந்தவாசி, தெள்ளாறு என்று ஒன்றுக்கு மேற்பட்ட ஒன்றியங்கள் இருக்கின்றன. மாநிலத்தில் உள்ள 388 ஒன்றியங்களில் எதை எடுத்தாலும் அதன் பள்ளிகள் அனைத்தையும் தனி ஒருவர் ஆராய்ந்து முடிப்பது கடினம்.

ஆகவே நிர்வாக எல்லையை விட்டுவிட்டுப் பிள்ளைகள் நடந்த வழியை எல்லையாகக் கொள்ளும்படி பரிந்துரைக்கிறேன். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் எந்தெந்த ஊர்களிலிருந்து வந்து ஒரே ஆறாம் வகுப்பில் உட்கார்ந்தார்களோ, அந்த ஊர்களின் பள்ளிகள் அனைத்தும் சேர்ந்து ஒரு குடும்பம். ஒரு பள்ளியை மட்டும் எழுதினால் அது தனிக் கட்டடத்தின் கதையாகச் சுருங்கிவிடும். இந்தக் குடும்பத்தை எழுதினால், எந்த ஊரில் பள்ளி முதலில் வந்தது, எந்தத் தெருவுக்கு அது கடைசியில் வந்தது, இடையில் எத்தனை ஆண்டுகள் கழிந்தன என்பவை தாமாகவே தெரியவரும்.

பள்ளியை யார் நடத்தினார்கள் என்பதைக் காலவரிசையில் அறியுங்கள்

தேடலில் இறங்குவதற்கு முன்பு இந்த ஒரு பாடத்தை நன்றாகப் படித்துக்கொள்ள வேண்டும். பள்ளியை யார் நடத்தினார்களோ அவர்களுடைய அலுவலகத்தில்தான் அதன் தாள்கள் இருந்திருக்கும். நிர்வாகம் கைமாறியபோது அவை இடம் மாறியோ, எரிக்கப்பட்டோ, காப்பகத்துக்கு வந்தோ இருக்கும்.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் பற்றிச் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கணக்கெடுக்கச் சொல்லி, 1826இல் வெளியிட்ட குறிப்பில், 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாகக் குறிப்பிட்டார். இந்த எண் பலராலும் எடுத்தாளப்படுகிறது என்றாலும், கணக்கு மாவட்ட அளவில் தொகுக்கப்பட்டதால், உங்கள் ஊரில் திண்ணைப் பள்ளி இருந்ததா என்பதற்கு அதில் விடை கிடைக்காது. ஊர்ப் பெருமைக்காக அந்த எண்ணை முதல் பக்கத்தில் போட்டுவிட்டு அடுத்த வரியில் நம் பள்ளிக்குத் தாவுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

1854இல் வந்த கல்விக் கொள்கை அறிக்கைக்குப் பிறகு அரசு உதவித்தொகை முறை தொடங்கியது. அதன் பயனாக மிஷன் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும் பெருகின. 1884ஆம் ஆண்டின் உள்ளாட்சி வாரியச் சட்டம் ஊர்ப்புறப் பள்ளிகளை வாரியங்களின் பொறுப்பில் நிலைப்படுத்தியது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் 'போர்டு ஸ்கூல்' என்று சொல்வது அந்த வாரியங்களை நினைத்துத்தான். 1920இல் நிறைவேறிய சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டத்தின்படி மாவட்டக் கல்விக் குழுக்கள் அமைந்து, தொடக்கப் பள்ளிகளுக்கு அங்கீகாரமும் உதவித்தொகையும் வழங்கின. தாலுகா போர்டுகள் 1934இல் கலைக்கப்பட்டு, அவற்றின் பள்ளிகள் மாவட்ட வாரியத்தின் கீழ் வந்தன. 1958ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தைத் தொடர்ந்து 1960, 1961ஆம் ஆண்டுகளில் ஊராட்சி ஒன்றியங்கள் படிப்படியாக அமைந்தபோது தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் அவற்றின் கைக்குச் சென்றன. மாவட்ட வாரிய உயர்நிலைப் பள்ளிகளை 1970இல் அரசு நேரடியாக ஏற்றது. ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதல் அரசு ஊழியர்கள் ஆனார்கள். 1981க்கு முன்பு ஓர் ஆசிரியருக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது, அவரை யார் மாற்றலில் அனுப்பினார்கள் என்று கேட்டால், ஊர் அரசியலின் பாதிக் கதை அதில் வந்துவிடும்.

மாவட்டப் பெயர்களிலும் எச்சரிக்கை வேண்டும். வந்தவாசி 1989 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. பிறகு திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டத்தில் சேர்ந்தது. பின்னர் அந்த மாவட்டத்தின் பெயர் திருவண்ணாமலை என்று சுருங்கியது. எனவே எங்கள் பகுதியின் பழைய கோப்பைத் தேடுகிறவர் வட ஆர்க்காட்டின் தலைநகராக இருந்த வேலூரை மறந்துவிடக் கூடாது. இதேபோல் இன்றைய திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் 1997க்கு முந்தைய ஆவணங்களில் செங்கல்பட்டு என்ற பெயரில் தேட வேண்டியிருக்கும்.

ஒரே ஊரில் இரண்டு பள்ளிகள் ஏன்?

எங்கள் தொகுப்பில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இந்தக் கேள்விதான். அரை மைல் இடைவெளியில் இரண்டு தொடக்கப் பள்ளிகள், இரண்டிலும் குறைவான பிள்ளைகள் என்றால், அந்த இடைவெளிக்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் பெரும்பாலும் சாதி. ஊர்த் தெருவில் இருந்த வாரியப் பள்ளிக்குள் சேரிப் பிள்ளைகள் நுழைய முடியாத நிலை இருந்தது. 1920 முதல் தொழிலாளர் நல ஆணையரின் துறை, தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று தனிப் பள்ளிகளைத் திறக்கத் தொடங்கியது. ஊரில் அவற்றை 'லேபர் ஸ்கூல்' என்று அழைத்தார்கள். அந்தத் துறை 1949இல் அரிசன நலத் துறையாகப் பெயர் மாறி, இன்று ஆதி திராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறையாக இருக்கிறது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இதுபோலவே கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளுக்குத் தனி நிர்வாகம் உண்டு.

இதை அறியாததால் ஏறக்குறைய ஆறு மாதம் வீணானது. கல்வித் துறையின் ஆணைகளில் எங்கள் காலனிப் பள்ளியைத் தேடிக்கொண்டே இருந்தேன். அது அங்கே இருக்கவே இல்லை. லேபர் பள்ளியின் தாள்கள் தொழிலாளர் நல ஆணையரின் துறை வெளியிட்ட ஆண்டறிக்கைகளிலும், நிலம் ஒதுக்கிய வருவாய்த் துறை ஆணைகளிலும் கிடைக்கும். ஊரார் இரண்டு பள்ளிகளில் ஒன்றை மட்டும் 'நம்ம பள்ளிக்கூடம்' என்று சொன்னால், மற்றதைத் தேடிப் போவது எழுதுகிறவரின் கடமை.

மூன்றாவது வகையாக, ஒரு வாத்தியார் தம் வீட்டுத் திண்ணையிலோ சொந்தக் கொட்டகையிலோ நடத்தி, அரசின் உதவித்தொகை பெற்ற பள்ளிகள் உண்டு. ஆசிரியரே நிர்வாகியாக இருந்ததால் அவர் மறைந்ததும் பள்ளியும் மறைந்தது, அல்லது ஒன்றியப் பள்ளியோடு இணைந்தது. இவற்றின் ஆவணங்கள் குடும்பத்துப் பெட்டிகளில்தான் இருக்கும். பேரப் பிள்ளைகளைக் கேளுங்கள்.

சென்னையில் தேட வேண்டிய இடங்கள்

எழும்பூரில் காந்தி இர்வின் சாலையில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம்தான் முதல் இடம். 1909 முதல் அந்தச் செங்கல் கட்டடத்தில் மாகாண அரசின் தாள்கள் பாதுகாக்கப்படுகின்றன. அடையாளச் சான்றோடு, எந்தப் பொருள் பற்றி எந்த ஆண்டுகளின் ஆவணங்கள் தேவை என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்ட விண்ணப்பமும் எடுத்துச் செல்லுங்கள். 'என் ஊர்ப் பள்ளியைப் பற்றி ஏதாவது இருக்கிறதா' என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது. அரசாணைகள் துறை வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் கட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டுக்கும் அகரவரிசைப் பொருளடக்கத் தொகுதி உண்டு. முதலில் அந்தத் தொகுதியில் ஊர்ப் பெயர், வட்டப் பெயர், 'தொடக்கப் பள்ளிகள்' என்ற தலைப்பு ஆகிய மூன்றையும் பார்த்து, ஆணை எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு, பிறகுதான் ஆவணக் கட்டைக் கேட்க வேண்டும். கல்வி பற்றிய ஆணைகள் ஒரு காலத்தில் சட்டத் துறையின் கல்விப் பிரிவிலும், பின்னர் கல்வி மற்றும் பொதுச் சுகாதாரத் துறையிலும், பள்ளிக் கட்டடம் பற்றியவை உள்ளாட்சித் துறையிலும் சிதறிக் கிடக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஊர்ப் பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கலாம். வந்தவாசியை வெள்ளையர் 'வாண்டிவாஷ்' என்று எழுதியதை நினைத்துக்கொண்டால், உங்கள் ஊர்ப் பெயர் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்கலாம்.

ஒரு சிற்றூர்த் தொடக்கப் பள்ளியின் பெயர் சொல்லும் அரசாணை கிடைப்பது அரிது என்பதை முன்பே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கீகாரம் மாவட்ட அளவிலேயே முடிந்துவிட்டதால் செயலகம் வரை தாள் வந்திருக்காது. தகராறு நடந்திருந்தால்தான் மேலிடத்துக்கு மனு போயிருக்கும். பள்ளி இடமாற்றம், நிலத்துக்கு எதிர்ப்பு, சாதி மறுப்பு, நிர்வாகியின் உதவித்தொகை நிறுத்தம் போன்றவை இருந்தால் உங்களுக்குப் பல பக்கங்கள் கிடைக்கும்.

பாந்தியன் சாலையில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகத்தில் பழைய மாவட்டக் கையேடுகளும் கல்வித் துறையின் ஆண்டறிக்கைகளும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டத் தொகுதிகளும் பார்க்க வேண்டியவை. இவற்றுள் கணக்கெடுப்புத் தொகுதிகளைப் பலரும் கவனிப்பதில்லை. 1961, 1971ஆம் ஆண்டுகளின் மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுகளில் ஒவ்வொரு கிராமத்துக்கும் நேராக அங்கே தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி எது இருந்தது என்பது குறியெழுத்துகளில் தரப்பட்டிருக்கிறது. அடுத்தடுத்த பத்தாண்டுத் தொகுதிகளை ஒப்பிட்டால், எந்த ஊரில் எந்தப் பத்தாண்டில் பள்ளி வந்தது என்பதற்கு ஊரார் நினைவைச் சாராத ஒரு சான்று கிடைக்கும். கணக்கெடுப்புத் துறையின் இணைய நூலகத்திலும் இவற்றில் பலவற்றைக் காணலாம்.

கோட்டூர்புரத்தில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்தும் மின்னூலகத்தில் பழைய பாடநூல்களையும் கையேடுகளையும் வீட்டிலிருந்தே படிக்கலாம். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் அச்சு நூல்களுக்கும் இதழ்களுக்கும் நல்ல இடம். தாத்தா படித்த வாசகப் புத்தகம் எப்படியிருந்தது என்பதை அங்கே அறியலாம். கல்லூரிச் சாலையில் பள்ளிக் கல்வித் துறையின் தலைமை அலுவலகங்கள் இருக்கும், நாம் இன்னும் டி.பி.ஐ. என்றே சொல்லும், 2022 முதல் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்ற பெயர் பெற்ற இடத்துக்குப் பழைய கோப்பு தேடிப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்றியப் பள்ளி பற்றிய தாள் வட்டாரக் கல்வி அலுவலகத்தில்தான் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

சேர்க்கைப் பதிவேடு

மேலே சொன்ன அனைத்தையும்விட ஒரு பழைய சேர்க்கைப் பதிவேடு மதிப்பு மிக்கது. எல்லாப் பள்ளிகளிலும் நிரந்தரமாகப் பாதுகாக்க வேண்டிய பதிவேடு இது. தலைமை ஆசிரியரின் இரும்பு அலமாரியின் அடித்தட்டில், பழைய வினாத்தாள் கட்டுகளுக்குக் கீழே, ஓரம் அரிக்கப்பட்ட நிலையில் இருக்கும். தலைமை ஆசிரியரிடம் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். தேவையானால் வட்டாரக் கல்வி அலுவலரிடமும் கேளுங்கள். பதிவேட்டைப் பள்ளிக்கு வெளியே கொண்டுபோகாதீர்கள். நல்ல வெளிச்சத்தில், பக்கத்தைத் தட்டையாக வைத்துக் கைபேசியில் படமெடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் பதிவேட்டின் ஆண்டும் பக்க எண்ணும் பெயராக வரும்படி அன்றைக்கே மாற்றிவிடுங்கள். பிறகு செய்துகொள்ளலாம் என்று விட்டால், நானூறு படங்களில் எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் மறுபடியும் ஊருக்குப் போக வேண்டிவரும்.

பதிவேட்டில் சேர்க்கை எண், பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், தொழில், சாதி, சேர்ந்த வகுப்பு, முன்பு படித்த பள்ளி, நீங்கிய தேதி, காரணம் ஆகியவை இருக்கும். எங்கள் ஊர்ப் பள்ளிச் சுவரில் பதித்த கல்லில் ஓர் ஆண்டு இருந்தது. விழா மலர்கள் அதையே தொடக்க ஆண்டாக எழுதிவந்தன. பதிவேட்டின் முதல் எண்ணோ அதற்கு வெகு காலம் முன்பு தொடங்கியிருந்தது. கல்லில் இருப்பது கட்டடம் திறந்த தேதி. பள்ளி அதற்கு முன்பே கோயில் மண்டபத்திலோ சாவடியிலோ நடந்திருக்கும். அதே நேரத்தில் முதல் பதிவேடு தொலைந்து, இரண்டாவது பதிவேட்டில் எண் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கவும் கூடும். முதல் பக்கத்துப் பிள்ளைகள் நான்காம், ஐந்தாம் வகுப்புகளிலும் சேர்க்கப்பட்டிருந்தால், அந்தப் பள்ளி அதற்கு முன்பே இருந்தது என்று கொள்ளலாம்.

பிறந்த தேதிகளை நம்ப வேண்டாம். தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் ஐந்து வயது என்று கணக்கிட்டு, அதற்கேற்ற ஒரு தேதியை வாத்தியார் எழுதிக்கொண்ட காலம் அது. ஒரே ஆண்டில் சேர்ந்தவர்களில் பலருக்குக் கோடையிலேயே பிறந்த நாள் வருவதன் காரணம் இதுதான். நம் தாய் தந்தையரின் பிறந்த நாள்களில் எத்தனை இப்படிப் பள்ளியில் பிறந்தவை என்பதை நினைக்கும்போது, அந்த வாத்தியார்கள் ஒரு தலைமுறையின் அடையாளத்தையே எழுதியிருக்கிறார்கள் என்பது விளங்குகிறது.

இந்தப் பதிவேட்டை வாசிப்பதைக் காட்டிலும் எண்ணுவதே முக்கியம். ஆண்டுதோறும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் பெண் குழந்தைகள் எத்தனை பேர், ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஐந்தாம் வகுப்பை முடித்தார்கள், எந்த மாதங்களில் அதிகம் நின்றார்கள் என்று நான்கு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை போட்டால் போதும். முதல் பெண் குழந்தை எந்த ஆண்டில் சேர்ந்தாள், காலனியிலிருந்து முதல் குழந்தை ஊர்ப் பள்ளிப் பதிவேட்டில் எந்த ஆண்டில் வந்தது என்ற இரண்டையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நூலில் வரும் ஆண்டுகளில் இவ்விரண்டுக்கும் ஈடானவை வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

மாநில வரலாற்றின் பெரிய திருப்பங்களையும் இந்த அட்டவணையோடு வைத்துப் பார்க்கலாம். 1953இல் இராஜாஜி அரசு ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்துக் கொண்டுவந்த திட்டம் 1954இல் கைவிடப்பட்டது. அந்த ஆண்டின் வருகைப் பதிவேடு கிடைத்தால் உங்கள் பள்ளியில் அது நடைமுறைக்கு வந்ததா என்று தெரிந்துவிடும். காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவு, 1950களின் இறுதியில் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள், 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 1987இல் மத்திய அரசின் கரும்பலகைத் திட்டம் ஆகியவை உங்கள் ஊரை எப்போது, எந்த வடிவில் வந்தடைந்தன என்பதுதான் நீங்கள் எழுத வேண்டியது. 'சத்துணவால் சேர்க்கை கூடியது' என்று எழுதும் முன் 1980 முதல் 1985 வரை எண்ணிப் பாருங்கள். சேர்க்கை கூடாமல், சேர்ந்த பிள்ளைகள் இடையில் நிற்பது மட்டும் குறைந்திருக்கலாம். அது வேறு செய்தி. உதவித்தொகையும் ஆசிரியர் பணியிடமும் எண்ணிக்கையைப் பொறுத்திருந்ததால் பெயர்கள் கூட்டி எழுதப்பட்டிருக்கவும் வாய்ப்புண்டு. ஆய்வாளரின் பார்வைக் குறிப்பில் அன்று வந்திருந்தோர் எண்ணிக்கை இருந்தால் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பதிவேட்டில் உள்ள சாதியையும் பெயரையும் சேர்த்து எங்கும் அச்சிடக் கூடாது. எண்ணிக்கையாக மட்டும் தர வேண்டும். உயிரோடிருக்கும் ஒருவர் மூன்றாம் வகுப்பில் தோற்றதையோ, 'குடும்பக் கஷ்டம்' என்று எழுதி நீக்கப்பட்டதையோ அவர் சம்மதம் இல்லாமல் வெளியிட நமக்கு உரிமை இல்லை.

பெரியவர்களிடம் கேட்பது

நினைவுகளைத் திரட்டும்போது முதலில் தலைவர்களிடமும் பழைய தலைமை ஆசிரியர்களிடமும் போவது வழக்கம். நான் பாதியில் நின்றவர்களிடமிருந்து தொடங்கும்படி சொல்வேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒரு பாட்டி, பள்ளிக்கு எந்த வழியாகப் போனார், யார் பக்கத்தில் உட்கார்ந்தார், தண்ணீர் எங்கே குடித்தார், எந்த நாளில் புத்தகத்தை மூடினார் என்று சொல்லும்போது, எந்த ஆவணத்திலும் கிடைக்காத பள்ளி கண்முன் வருகிறது. தண்ணீரைப் பற்றிக் கேட்பதை மறக்காதீர்கள். பானையும் குவளையும் யாருக்கு எங்கே இருந்தன என்பதை மெல்லக் கேட்டால், பதிவேட்டில் இல்லாத பாகுபாடு பேச்சில் வந்துவிடும்.

ஆண்டு எது என்று நேராகக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. 'அண்ணா செத்தப்ப நான் மூணாங்கிளாஸ்' என்று ஒருவர் சொன்னால் அது 1969 பிப்ரவரி. சீனப் போருக்கு உண்டியல் குலுக்கியது என்றால் 1962. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் பெரிய பள்ளிக்கூடம் மூடியது என்றால் 1965. பதினொன்றாம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவர் என்றால் 1978இல் மேல்நிலைக் கல்வி வருவதற்கு முந்தைய தலைமுறை. மதிய உணவில் அமெரிக்காவின் கேர் நிறுவனம் தந்த பால் பவுடரும் கோதுமை உணவும் நினைவில் இருந்தால் 1961க்குப் பிந்தைய காலம். இப்படி நிகழ்ச்சியைக் கொண்டு ஆண்டைக் கணக்கிட்டுப் பதிவேட்டில் சரிபார்க்கலாம்.

பழைய பத்திரங்களில் தமிழ் ஆண்டோ, வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலியோதான் இருக்கும். பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1330 என்பது 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை. தமிழ் ஆண்டில் அறுபதாண்டுச் சிக்கல் உண்டு. துந்துபி என்று மட்டும் இருந்தால் அது 1922-23 ஆகவும் இருக்கலாம், 1982-83 ஆகவும் இருக்கலாம். எழுத்தையும் நாணயத்தையும் பார்த்து முடிவுசெய்ய வேண்டும்.

பேசுகிறவர் முன் கைபேசியை வைத்துப் பதிவுசெய்யப் போவதைச் சொல்லி, சம்மதமும் பெற்ற பிறகே தொடங்குங்கள். பாட்டி, தாத்தா, வாத்தியாரய்யா என்று முறை சொல்லி உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய பேச்சு ஒரு மாலை முழுதும் நீளும். அந்த நேரத்தை ஒதுக்கிக்கொண்டு போங்கள். கடைசிப் பேருந்துக்கு அவசரப்படுகிறவரிடம் யாரும் மனம் திறப்பதில்லை.

நிலமும் தகவல் உரிமையும்

பள்ளி நிலத்தை யார் கொடுத்தார்கள் என்பதில் ஊருக்கு ஊர் மூன்று கதைகள் உலவும். புல எண்ணைத் தெரிந்துகொண்டு, வருவாய்த் துறையின் இணையச் சேவையில் 'அ' பதிவேட்டைப் பார்த்தால் அது புறம்போக்கா, பட்டா நிலமா என்பது தெரியும். தானப் பத்திரம் இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று மூலம் தேடலாம். மிகப் பழைய காலத்துக்கு நேரில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கலாம்.

அலுவலகத்தில் கேட்டுக் கிடைக்காதவற்றுக்கு 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனுவை அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால், 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டாலோ நிறைவு தராவிட்டாலோ மேல்முறையீடு செய்யலாம். 'பள்ளியின் வரலாறு வேண்டும்' என்று எழுதினால், அப்படியொரு ஆவணம் இல்லை என்ற பதில்தான் வரும். பள்ளியின் பெயர், ஒவ்வொரு பள்ளிக்கும் தரப்பட்டுள்ள அடையாள எண்ணான யுடைஸ் எண், தரம் உயர்த்திய ஆணையின் நகல், ஆண்டு வாரியாக ஆசிரியர் பணியிட எண்ணிக்கை என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதினொரு இலக்க யுடைஸ் எண்ணில் முதல் இரண்டு மாநிலத்தையும், அடுத்த இரண்டு மாவட்டத்தையும், அதற்கடுத்த இரண்டு ஒன்றியத்தையும் குறிக்கும். ஒரே பெயரில் இரண்டு பள்ளிகள் இருக்கும் இடங்களில் இந்த எண் குழப்பத்தைத் தவிர்க்கும். ஆவணங்களை நேரில் பார்வையிடவும் இச்சட்டத்தில் உரிமை உண்டு என்பதால், நகல் கேட்பதற்குப் பதில் பார்வையிடக் கேட்பது பழைய கோப்புகளுக்கு நல்லது. எனினும், நட்போடு ஒத்துழைக்கும் ஒரு தலைமை ஆசிரியருக்கு இந்த மனுவை அனுப்பி மனக்கசப்பு உண்டாக்க வேண்டாம்; அது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

எழுதும்போது

அமைச்சர்கள், அதிகாரிகள் வந்துபோன வரிசையில் நூலை அமைக்காதீர்கள். பிள்ளைகள் எண்ணிக்கையும் ஆசிரியர் எண்ணிக்கையும் மாறிய இடங்களே அத்தியாயம் பிரியும் இடங்கள். ஓராசிரியர் பள்ளி ஈராசிரியர் பள்ளியான நாள், ஆறாம் வகுப்பு தொடங்கிய நாள், முதல் ஆசிரியை வந்த நாள், ஆங்கிலவழித் தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் ஊருக்குள் முதன்முதலாக வந்த நாள் ஆகியவற்றை வைத்துப் பிரித்தால் கதை தானாக நடக்கும். அந்த மஞ்சள் வேனைப் பற்றி எழுதாமல் முடிக்கக் கூடாது. எங்கள் தொகுப்பில் ஒரு பள்ளியில் இப்போது இருக்கும் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். அதற்கு யார் மீதும் பழி போடாமல், எந்த ஆண்டில் எத்தனை பேர் எங்கே போனார்கள் என்று எழுதினால், இன்று அந்த ஊரில் பெற்றோராக இருப்பவர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் அது பயன்படும்.

ஒவ்வொரு செய்திக்கும் அது பதிவேட்டிலிருந்து வந்ததா, ஒருவர் சொன்னதா, நம் ஊகமா என்பதை வாக்கியத்திலேயே தெரியும்படி எழுதுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் தாருங்கள். ஊரில் இன்னும் ஆறாத சண்டை ஒன்றைத் தொடும் பகுதியை, அச்சுக்குப் போகும் முன் இரு தரப்பிலும் வயதில் மூத்த ஒருவருக்கு வாசித்துக் காட்டிவிடுங்கள்.

அச்சிட்ட பிறகு ஒரு படியைப் பள்ளிக்கும், ஒன்றை வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும், ஒன்றைக் கன்னிமாராவுக்கும், ஒன்றை ஊர் நூலகத்துக்கும் கொடுங்கள். படங்களின் மின்படிகளைத் தலைமை ஆசிரியரிடம் ஒரு பென்டிரைவில் ஒப்படையுங்கள். மூலப் பதிவேட்டைக் கறையான் தின்றாலும் அவை மிஞ்சும். பள்ளிக்குக் கொடுக்கும் படியின் பின்னால் பத்து வெற்றுப் பக்கங்களைச் சேர்த்துக் கட்டச் சொல்லி, தவறு கண்டவர்கள் தேதியிட்டுத் திருத்தத்தை எழுதும்படி அதன் முதல் பக்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்தப் பக்கங்களையும் படமெடுத்துக்கொண்டு வர வேண்டும்.